எல்லாம் 'லக்' தானா?



வொயரிங் லேப்பில் பிரிட்டானியா ஜாயின்ட் போட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காதவர் நம்மில் யாராவது உண்டா? மேரீட் ஜாயின்ட், வெஸ்டர்ன் யூனியன் ஜாயின்ட், 'டி' ஜாயின்ட் என்று எல்லாவற்றையும் அழகாகக் கட்டி, பலகையில் ஆணியடித்து மாட்டியாயிற்று. வைவாவில் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவோம். நல்லதுதான். ஆனால் லேப்பை விட்டு வெளியே வந்து ஏதாவது ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரிட்டானியாவும் இருக்காது, மேரீடும் இருக்காது. எல்லா வயர் நுனியிலும் ஒரு லக்தான் இருக்கும். ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் போல்ட் மாட்ட ஒரு கண். குழாய்க்குள் வயரைச் சொருகி நசுக்கியிருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். அந்த 'அவ்வளவுதான்' என்பதைப் பற்றி மூன்று வருடப் படிப்பில் நமக்கு ஒரு மணி நேரம்கூடப் பாடம் இல்லை என்பதுதான் என் புகார்.

கிரிம்பிங் என்பது நசுக்கல் வேலை அல்ல. தண்டு, பேரிங், கியர் போல அதுவும் கணக்குப் போட்டு டிசைன் செய்யப்பட்ட ஓர் இயந்திர உறுப்பு. வயர், லக், டை மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு பொருள். மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் வீண். இதை நாம் லேப்பில் செய்து, இழுத்து, அளந்து, அறுத்துப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதை நம் ஊரில் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. போடியிலிருந்து போடிமெட்டு போகும் பாதையை எல்லோருக்கும் தெரியும். 17 கொண்டை ஊசி வளைவு. வெயில் காயும் அடிவாரத்தில் கிளம்பி, மேலே போனால் பனியும் சாரலும். விடியற்காலையில் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களையும் அக்காமார்களையும் ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மின் இணைப்பைக் கெடுக்கிற விஷயங்கள் என்னென்ன என்று பாடப் புத்தகத்தில் பட்டியல் போட்டால் அதிர்வு, ஈரம், சூடாகி ஆறுவது, ஓவர்லோடு என்று வரும். இந்த மலைச் சரிவில் அத்தனையும் இலவசம்! ஜீப்பில் அதிர்வு. ஏலக்காய் ட்ரையரில் ஏறத்தாழ 50 டிகிரிச் சூடு, வெளியில் மழை. பம்ப் செட்டில் ஸ்டார்ட் ஆகும்போது ஆறு மடங்கு கரண்ட். சமவெளியில் பத்து வருடம் தாங்கும் ஒரு மட்டமான லக் இங்கே இரண்டு மழைக்காலம் தாங்குமா என்பதே சந்தேகம்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டிரைவர் அண்ணன் "எல்லாம் நம்ம லக்கு தம்பி" என்பார். அவர் சொல்வது அதிர்ஷ்டத்தை. எனக்குக் கேட்பது பேட்டரி கேபிள் லக்!

சிரிக்க வேண்டாம், கணக்குப் போடுவோம். டீசல் ஜீப்பின் ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக கிரிம்ப் செய்த லக்கின் ரெசிஸ்டன்ஸ் 0.1 மில்லி ஓம் என்றால் அங்கே இழப்பு 0.02 வோல்ட். கண்டுகொள்ளவே வேண்டாம். அதே லக் தளர்ந்து, பச்சை பூத்து 5 மில்லி ஓம் ஆகிவிட்டால்? 1 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. 12 வோல்ட் பேட்டரியில் 1 வோல்ட் ஒரு லக்கிலேயே காலி. ஐ ஸ்கொயர் ஆர் போட்டால் 200 வாட். இரண்டு விரல் அகலமுள்ள ஒரு செம்புத் துண்டில் 200 வாட்! பேட்டரி போச்சு என்று புது பேட்டரி வாங்கி மாட்டுவார்கள். நான்கு நாள் ஓடும்.

மூன்று பேஸ் மோட்டாரில் இது இன்னும் மோசம். ஏலக்காய் ட்ரையரின் காற்றாடி மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். பச்சைக் காய் உள்ளே போனால் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கச் சூடான காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் காயின் பச்சை நிறம் போகும், நிறம் போனால் ஏலத்தில் விலை போகும். 5 ஹெச்.பி. மோட்டார், லோடில் சுமார் 7.5 ஆம்பியர், ஸ்டார்ட்டிங்கில் 45 ஆம்பியர். ஒரு பேஸின் லக் மட்டும் கெட்டு 100 மில்லி ஓம் ஆகிறது என்றால், ஓடும்போது 6 வாட்டுக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. ஆனால் ஸ்டார்ட் ஆகும் சில நொடிகளில் 200 வாட். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் செம்பு சூடாகிறது, ஆக்சைடு கூடுகிறது, ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது, அதனால் இன்னும் சூடாகிறது. கடைசியில் அந்த பேஸே அறுந்துபோகும். மோட்டார் நிற்காது, மீதி இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே ஓடும். அந்த இரண்டிலும் கரண்ட் ஏறக்குறைய 1.73 மடங்கு ஏறும். ஓவர்லோடு ரிலே சரியாக செட் பண்ணியிருந்தால் பிழைத்தது. பல இடங்களில் "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று ரிலேயைத் திருகி ஏற்றிவைத்திருப்பார்கள். காயில் புகைந்துவிடும்.

ரீவைண்டிங் கடையில் பில்லில் 'சிங்கிள் பேசிங்' என்று எழுதுவார்கள். யார் சிங்கிள் பேசிங் பண்ணினது என்று யாரும் கேட்பதில்லை. புதிதாகக் காயில் சுற்றிய மோட்டாரைக் கொண்டுவந்து அதே பழைய லக்கிலேயே மாட்டுவார்கள்!

இதில் ஃப்யூஸோ எம்.சி.பி.யோ காப்பாற்றாதா என்று முதல் வருடத் தம்பிகள் கேட்கலாம். காப்பாற்றாது. அவை பார்ப்பது கரண்ட் அதிகமா என்பதை மட்டும்தான். கெட்டுப்போன ஜாயின்ட் கரண்டைக் கூட்டுவதில்லை. இருக்கிற கரண்டிலேயே சூடாகிறது. இன்சுலேஷன் கருகி நாற்றம் வரும்வரை எம்.சி.பி. நிம்மதியாகத் தூங்கும்.

சரி, நல்ல கிரிம்ப் என்றால் என்ன? இங்கேதான் விஷயம் ருசிக்கிறது.

நம்ம எலக்ட்ரீசியன் அண்ணன்மார் சொல்லும் 7/20 வயரை நினைத்துக்கொள்ளுங்கள். 7 இழை. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. இழையின் விட்டத்தை 'டி' என்று வைத்தால் மொத்தக் கட்டின் விட்டம் 3 டி. பரப்பளவு கணக்குப் போட்டால் ஏழு இழைக்கும் சேர்த்து ஏழு பங்கு, வெளிவட்டத்துக்கு ஒன்பது பங்கு. அதாவது ஒன்பதில் இரண்டு பங்கு, சுமார் 22 சதவீதம், வெறும் காற்று! இழைகள் வட்டமாக இருப்பதால் ஒன்றையொன்று தொடுவதும் கோடு போலத்தான். அந்தக் கோட்டிலும் உண்மையில் தொடுவது சில நுண்ணிய மேடுகள் மட்டுமே. கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டு உலோகங்கள் உண்மையில் தொடும் பரப்பு மிகச் சிறியது என்பதை ராக்னர் ஹோம் என்ற விஞ்ஞானி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கரண்ட் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதுதான் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ்.

ஆகவே கிரிம்பிங் டையின் முதல் வேலை அந்தக் காற்றை வெளியேற்றுவது. இரண்டாவது வேலை, அதற்குப் பிறகும் அழுத்தி, இழைகளை வழிய வைப்பது. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி நகரும்போது மேலே படிந்த ஆக்சைடு உடைந்து, உள்ளே இருக்கும் சுத்தமான செம்பு சுத்தமான செம்பைத் தொடுகிறது. நன்றாகப் போட்ட கிரிம்பைக் குறுக்கே அறுத்து, எமரி தாளில் தேய்த்துப் பார்த்தால் வட்ட இழைகள் எல்லாம் தேன்கூடு போல மூலை மூலையாக மாறி இடைவெளியே இல்லாமல் அடைந்திருக்கும். காற்று புகாது, காற்று புகாவிட்டால் ஈரமும் புகாது, ஈரம் புகாவிட்டால் உள்ளே துருவும் இல்லை, பச்சையும் இல்லை. மலை மழை வெளியே கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே இருக்கும் தொடர்பு பத்திரமாக இருக்கும்.

அப்படியானால் பலமாக நசுக்க நசுக்க நல்லதுதானே? இல்லை நண்பர்களே, இங்கேதான் டிசைன் வருகிறது. கரும்பலகையில் இரண்டு கர்வ் போடுங்கள். குறுக்கச்சில் நசுக்கும் அளவு. முதல் கர்வ் இழுவிசைத் தாங்கும் திறன். நசுக்க நசுக்க ஏறும், ஒரு இடத்தில் உச்சிக்குப் போகும், அதற்குமேல் இழைகள் மெலிந்து வெட்டுப்பட ஆரம்பிப்பதால் இறங்கிவிடும். இரண்டாவது கர்வ் மின்தொடர்பு. அது உச்சிக்குப் போவது இன்னும் சற்று அதிகம் நசுக்கினால்தான். இரண்டு உச்சியும் ஒரே இடத்தில் வராது! வண்டிக்கு இழுவை முக்கியம், கரண்டுக்குத் தொடர்பு முக்கியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடத்தைப் பிடித்து, அங்கே வந்து டை தானாக நிற்கும்படி லக்கையும் டூலையும் சேர்த்து வடிவமைக்கிறார்கள். அதனால்தான் நல்ல டூலில் ராட்செட் வைத்திருக்கிறார்கள். முழுசாக மூடாமல் கைப்பிடி திறக்காது. உங்கள் கை பலமோ, காலையில் சாப்பிட்டீர்களா என்பதோ கணக்கில் வராது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டூலை எடுத்தவுடன் உலோகம் கொஞ்சம் திரும்ப விரியும். ஸ்பிரிங் பேக் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சொல்லுவார்கள். வெளிக்குழாய் அதிகம் விரிந்து, உள்ளே இருக்கும் வயர் குறைவாக விரிந்தால் பிடி விட்டுப்போகும். எனவே வெளிக்குழாய் உள்வயரை எப்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும்படி குழாயின் கனம், அதன் மென்மை எல்லாம் பார்க்க வேண்டும். செம்பு லக்கை சூடுகாட்டி அனீல் பண்ணி மென்மையாக்கி, மேலே வெள்ளீயம் பூசுவது சும்மா பளபளப்புக்கு இல்லை. அனீல் செய்யாத மலிவு லக்கை நசுக்கினால் ஓரத்தில் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகப் பிடியும் போகும், ஈரமும் நுழையும்.

குழாயின் வாயைப் பாருங்கள். நல்ல கிரிம்பில் வயர் நுழையும் பக்கம் சற்று மணி போல விரிந்திருக்கும். டை குழாயின் விளிம்பு வரை நசுக்கினால் அந்தக் கூர்விளிம்பு இழைகளைக் கத்தி போல வெட்டும். உடனே அறுந்தாலும் பரவாயில்லை, தெரிந்துவிடும். அதிர அதிர ஒவ்வொரு இழையாக அறுந்து, ஒன்பதாவது வளைவில் ராத்திரி எட்டு மணிக்கு ஹெட்லைட் அணைந்தால்? அதனால்தான் வண்டிக்குப் போடும் டெர்மினல்களில் செம்பைப் பிடிக்க ஒரு ஜோடிச் சிறகு, இன்சுலேஷனைப் பிடிக்க இன்னொரு ஜோடி. இரண்டாவது ஜோடி கரண்டுக்காக இல்லை, ஆட்டத்தைத் தாங்குவதற்காக.

நம் ஊரில் அன்றாடம் நடப்பது என்ன? 36/0.3 வயர், அதாவது 2.5 ஸ்கொயர் எம்.எம். கையில் கிடைத்த லக் 1.5-க்கானது. என்ன செய்வார்? பக்கத்தில் ஐந்தாறு இழைகளை வெட்டிவிட்டு உள்ளே சொருகுவார். ஐந்து இழை போனாலே 14 சதவீதம் செம்பு போச்சு. லக் பெரிதாக இருந்தால் வயரை மடித்து இரட்டையாக்கிச் சொருகுவார். பிறகு கட்டிங் பிளேயரால் ஒரு நசுக்கு. பெரிய கேபிளாக இருந்தால் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. மேலே ஒரு சுற்று கறுப்பு டேப். டேப் சுற்றியபிறகு எல்லா லக்கும் அழகுதான்!

"இருபது வருசமா இப்படித்தான் தம்பி போடுறேன், ஓடாமலா கெடக்கு?" என்று அந்த அண்ணன் கேட்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மழையில் கம்பத்தடியில் நின்று வேலை பார்க்கிறவர் அவர். டை செட் வாங்கிக்கொடுக்க எந்த முதலாளியும் தயாராக இல்லை. ஆனால் அவர் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓடுகிறது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். எரிந்தது 'மோட்டார் போச்சு', 'பேட்டரி போச்சு', 'வோல்டேஜ் சரியில்ல' என்ற கணக்கில் போய்விடுகிறது. லக் போச்சு என்று எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சிறிய அளவுகளுக்கான ஒரு ராட்செட் டூல், ஒரு தடவை ரீவைண்டிங் பண்ணும் காசுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இதைத் தோட்டத்து முதலாளியிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது எலக்ட்ரீசியன் அல்ல, டிப்ளமோ முடித்த சூப்பர்வைசராக அங்கே போய் நிற்கப்போகிற நாம்தான்.

"சால்டர் வச்சுட்டா கெட்டியா இருக்குமே" என்பது இன்னொரு கட்சி. நம் வகுப்பிலேயே இந்தக் கட்சிக்குப் பெரிய கூட்டம் உண்டு. சால்டர் தன் இடத்தில் நல்லதுதான், பி.சி.பி. போர்டில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் பல இழை வயரில் சால்டர் திரி வழியே எண்ணெய் ஏறுவது போல இழைகளுக்குள் ஏறிவிடும். அதுவரை வளைந்துகொடுத்த வயர் அந்த இடத்தில் கம்பி மாதிரி விறைத்துப்போகும். விறைப்பு முடிந்து மென்மை ஆரம்பிக்கும் எல்லையில், அதிர்வு வந்தால், வயர் முறியும். இழைக்கு முதலில் ஈயம் பூசிவிட்டுப் பிறகு கிரிம்ப் பண்ணுவது இன்னும் கெடுதல். ஈயம் கலந்த சால்டர் மெத்தென்றது. அழுத்தத்தில் நாளடைவில் ஊர்ந்து விலகும், பிடி தளரும். நாசா 1998-ல் வெளியிட்ட கேபிள் தரவிதியில் சால்டர் பூசிய பல இழை வயரை கிரிம்ப் செய்யக் கூடாது என்று தடையே போட்டிருக்கிறார்கள். ராக்கெட்டுக்கு ஆகாதது நம் ஜீப்புக்கு மட்டும் ஆகுமா?

வரலாறும் அதுதான் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1941-ல், அமெரிக்காவில் விட்டேக்கர் என்பவர் ஏ.எம்.பி. என்ற கம்பெனியைத் தொடங்கினார். விமானம், கப்பல் பொருள்கள் என்பதுதான் அந்தப் பெயரின் விரிவே. சால்டர் இல்லாமல் நசுக்கி இணைக்கும் டெர்மினல்கள்தான் அவர்கள் சரக்கு. ஆயிரக்கணக்கான இணைப்புகளை வேகமாகவும், ஆளுக்கு ஆள் மாறாமல் ஒரே மாதிரியும் போட வேண்டியிருந்தது. நெருப்பும் சால்டரும் கைத்திறமையும் நம்பி அதைச் செய்ய முடியாது.

அலுமினியம் பற்றித் தனியாகவே எழுதலாம், இடம் இல்லை. தோட்டங்களுக்குப் போகும் கேபிள் பலவும் அலுமினியம்தான். அதன்மேல் ஆக்சைடு கண் இமைக்கும் நேரத்தில் படியும். அந்த ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், அழுத்தத்தில் ஊர்ந்தும் போகும். எனவே பிரஷ் போட்டுத் தேய்த்து, உடனே பேஸ்ட் தடவி, அலுமினிய லக்கில் அதற்கான டையில் கிரிம்ப் செய்ய வேண்டும். அதைச் செம்பு டெர்மினலில் மாட்டும் இடத்தில் பைமெட்டல் லக்கோ வாஷரோ வேண்டும். இல்லாவிட்டால் செம்பு, அலுமினியம், மேகத்து ஈரம் மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாகி அலுமினியத்தைத் தின்றுவிடும். ஐ.எஸ். 8309 என்று அலுமினிய கேபிள் லக்குக்கென்றே இந்தியத் தரவிதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்?

நம் லேப்புக்கு நான் கேட்பது பெரிய சமாச்சாரம் இல்லை. செமஸ்டருக்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட், மூன்று மணி நேரம். ஒரே 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் ஆறு லக் போடுவோம். இரண்டு கட்டிங் பிளேயரில், இரண்டு ராட்செட் டூலில், இரண்டு வேண்டுமென்றே தவறான டையில். ஸ்ட்ரெந்த் லேப்பில் இழுத்துப் பார்ப்போம். ஐ.இ.சி. 60352-2 தரவிதிப்படி இந்த அளவு வயரில் கிரிம்ப் 230 நியூட்டன் தாங்க வேண்டும், அதாவது 23 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அரிசி மூட்டையில் பாதி! கையால் லேசாக இழுத்துப் பார்த்து "கெட்டியா இருக்கு சார்" என்பது டெஸ்ட் அல்ல என்பது அன்றைக்குப் புரியும்.

பிறகு 10 ஆம்பியர் டி.சி. விட்டு மில்லிவோல்ட் அளப்போம். அந்த வயரில் 10 செ.மீ. நீளத்துக்கு சுமார் 8 மில்லிவோல்ட் விழும். லக்கின் குழாய் 2 செ.மீ. என்றால் அங்கே 1.6 மில்லிவோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. வயரைவிட ஜாயின்ட் மோசமாக இருக்கலாகாது என்பதுதான் கணக்கு. எது பாஸ், எது ஃபெயில் என்று மீட்டரே சொல்லிவிடும், சாரைக் கேட்க வேண்டியதில்லை. கடைசியில் ஒவ்வொன்றையும் ஹாக்ஸாவில் அறுத்து, எமரியில் தேய்த்து, மெட்டலர்ஜி மைக்ராஸ்கோப்பில் தேன்கூடு தெரிகிறதா, கறுப்பு ஓட்டை தெரிகிறதா என்று பார்ப்போம்.

இதற்காகப் புதிதாக வாங்க வேண்டியது ஒரு ராட்செட் டூலும் ஒரு பாக்கெட் லக்கும்தான். மாணவர் மன்ற நிதியில் விளையாட்டு விழாக் கோப்பைகளில் இரண்டைக் குறைத்தால் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இழுக்கும் மெஷின் மெக்கானிக்கல் பிளாக்கில் இருக்கிறது. மில்லிவோல்ட் மீட்டர் நம் லேப் அலமாரியில், மேல் தட்டில், பெட்டியைவிட்டு வெளியே எடுக்காமலே இருக்கிறது. அலமாரிச் சாவி யாரிடம் என்பது உங்களுக்கே தெரியும்.